ஒரே உணவு: நோன்போ, கட்டோ?

உடம்பின் பருமையைக் குறைக்க விரும்புவார் பலர் நாடோறும் ஒரே உணவை ஒரே பொழுதில் உண்ணும் வழக்கத்தை மேற்கொள்ளுகின்றனர். இது நோன்பின்பாற்படுமோ, அன்றி உயிரைப் பிணிக்கும் மற்றொரு கட்டாகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அரக்கோணத்தினின்று வைகறையில் மின்தொடர் வண்டியேறிச் சென்னைக்குத் தொழின்மேற் செல்வார் பலர். அவருள் ஒருவன் மருத்துவர் சொற்படி எடை குறைக்கத் தொடங்கினான் எனக் கொள்க. காலையில் ஓட்ஸுக் கஞ்சி. நண்பகலில் இரண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். இரவிற் கேழ்வரகுக் கூழ். முதலிரண்டு திங்கள் எடை குறைகின்றது, பின்னர் நின்றுவிடுகின்றது. அவனோ உணவை மாற்ற அஞ்சுகின்றான். உறவினர் மணப்பந்தியில் அமர அஞ்சுகின்றான். திருக்கோயிலிற் கையிலிட்ட சர்க்கரைப் பொங்கலை அயலார் கைக்கு மாற்றிவிடுகின்றான். கஞ்சி நாவிற்குக் கசந்துபோயிற்று. ஆயினும் விட இயலவில்லை.

இவ்வழக்கம் முதலிற் பயன் தருதற்குக் காரணம் உண்டு. ஒரு சுவையையே உண்ண உண்ண அதன்கண் விருப்பம் தணியும். பல சுவை பரப்பிய இலையில் வயிறு நிறைந்த பின்னும் கை நீளும். விருந்தின் முடிவிற் பாயசத்திற்கு மட்டும் வயிற்றில் இடம் உண்டாதல் எவரும் அறிந்ததே. பின்னர் எடை நிற்றற்கும் காரணம் உண்டு. மெலிந்த உடம்பு இயங்குதற்கு வேண்டும் ஆற்றல் பருத்த உடம்பிற்கு வேண்டுவதினும் குறைவு. ஆதலின் முன்னர்க் குறைவாயிருந்த அதே உணவு இப்பொழுது அளவாக அமைந்துவிடுகின்றது. எனவே, கஞ்சியின்மேல் அவன் வைத்த உறுதி பழைய பயனைப் பற்றி நிற்பதேயன்றி இற்றைநாள் உண்மையைப் பற்றியதன்று.

அற்றேல், சுவை வேறுபாடு நாடாது ஒன்றையே உண்டு அமைதல் புலனடக்கம் ஆகாதோ எனின், அதனாலேயே ஆகாது. அடக்கமாவது உள்ளம் பொருளினின்று நீங்குதல். நா மட்டும் நீங்குதலன்று. அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பர் தொடங்கி 1945 முடிய ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். போர்புரிய மனச்சான்று இடங்கொடாமையால் மறுத்த இளைஞர் 36 பேர் தாமே இசைந்து அதற்கு உட்பட்டனர். 24 கிழமை அவர்க்கு உருளைக்கிழங்கு, ரொட்டி, மாக்கரோனி போன்ற சிலவே குறைந்த அளவில் நாளைக்கு இருமுறை அளிக்கப்பட்டன. எடை ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. உணவின்மேற் பற்றுக் குறைந்ததோ எனின், பெருகிற்று. அவருட் சிலர் சமையல் நூல்களை ஆர்வத்தோடு பயின்றனர்; தட்டை நக்கினர்; பேச்சும் கனவும் உணவாயின. அது பட்டினியின் ஆய்வு. எடை குறைப்பார் நிலை அத்துணைக் கொடிதன்று. ஆயினும், உடல் மெலிதலும் ஆசை மெலிதலும் வேறு வேறென்பது அதனால் இனிது விளங்கும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தம். உணவை எந்நேரமும் அளந்துகொண்டிருத்தலும் உணவைச் சார்தலே. பொங்கலைச் சார்ந்த உயிர் ஓட்ஸைச் சார்ந்தமையாற் சார்பு நீங்கியதாகாது. நோன்பிற்கோ தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவிற் பாரணை உண்டு. அடியாரோடு உடனிருந்து உண்டலும் உண்டு. முடிவறியாது அச்சத்தால் நீளும் ஒழுங்கினை நோன்பென்றல் பொருந்தாது.

இதனால் உடம்பைப் பேணற்க என்றவாறன்று. உடம்பு வினைப்பயன் நுகர்ந்து மலநீக்கம் பெறுதற்பொருட்டு மாயையினின்று இறைவன் தந்த கருவி. நீரிழிவும் மூட்டுநோயும் உடையார் எடை குறைத்தல் கடனேயாம். கருவியைத் தீட்டுதல் வேறு. தீட்டுதலையே தொழிலாகக் கொண்டு வாழ்நாள் கழித்தல் வேறு.

அவன் நாடோறும் செல்லும் பாதையிலேயே, அரக்கோணத்திற்குக் கிழக்கே சில நிலையங்கள் கழித்துத் திருவாலங்காடு உள்ளது. இரத்தின சபையாகிய அத்தலத்தில் காரைக்காலம்மையார் இறைவன் திருக்கூத்தைக் கண்டிருந்தனர் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். அவர் புனிதவதியாராய் இல்லறம் நடத்திய நாளில் பசித்த அடியார் ஒருவர் வந்தார். சோறு வெந்திருந்தது, கறி அமைந்திலது. கணவன் விடுத்த மாங்கனி இரண்டனுள் ஒன்றைச் சோற்றோடு இட்டு அமுதுசெய்வித்தார். அன்றைச் சமையலின் ஒழுங்கு அடியவர் பசிக்குக் குறுக்கே நின்றிலது. பின்னர், கணவன்பொருட்டுத் தாங்கிய தசை அவன் நீங்கியபின் வேண்டாமையின், அதனை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். உதறியதை அவர் மீண்டும் நினைந்திலர். இக்காலத்தார் எடைப்பொறியின்மேல் நாடோறும் ஏறி நின்று, கழிந்ததையும் கழியாததையும் கணக்கிட்டுத் துயருறுகின்றனர். தசையை உதறினார் இவரோ, அன்றி முன்னினும் இறுகப் பற்றினாரோ?

பங்குனிச் சுவாதி அம்மையார் குருபூசை நாள். அன்று அவ்வரக்கோணத்தான் அடியார் பந்தியில் அமர நேரின், இட்ட சோற்றில் அளவாக உண்டு எழுவானாக. நோயுடையனேல் மருத்துவர் சொல்லிய அளவிற் கனியை நிறுத்திக்கொள்வானாக. இரவிற் கூழைக் குறைத்துக்கொள்ள எவரும் தடை கூறார்.