“கேட்டுப் பாருங்கள்” என்று சொல்பவரின் பொறுப்பு

“இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.” நாம் அடிக்கடி சொல்வதும் அடிக்கடி கேட்பதுமான வார்த்தை இது. முன்னாளில் இசைத்தட்டு ஒன்றைக் கடன் கொடுத்து இப்படிச் சொன்னார்கள். பின்னர் ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார்கள். இன்று கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறார்கள். ஜாஸ் இசையில் ஊறிய ஒருவர், மேலைத்தேய சாஸ்திரீய இசையை மட்டுமே அறிந்த நண்பருக்கு ஒரு பியானோ வாசிப்பை அனுப்புகிறார். நண்பரோ பதிலுக்குப் பாஹ் இயற்றிய ஆக்கம் ஒன்றை அனுப்புகிறார். மூன்றாமவர் ஒருவர், தாளமும் மெட்டும் இருப்பதாகவே தோன்றாத பரீட்சார்த்த இசை ஒன்றைக் கொடுத்து இருவரையும் திகைக்க வைக்கிறார்.

இதிலே ஒழுக்கம் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். சற்று நின்று சிந்தித்தால் மூன்று வினாக்கள் எழுவதைக் காண்போம். எனக்குப் பிடித்ததை மற்றவரும் கேட்க வேண்டுமென நான் ஏன் ஆசைப்படுகிறேன்? பிறர் தருவதைக் கேட்கும் கடமை எனக்கு உண்டா? கேட்டபின் அது பிடிக்கவில்லையெனின், அதை நான் சொல்லலாமா?

இரசனை என்பது அவரவர் சொந்த விஷயம், அதில் வாதம் செய்வதற்கு எதுவுமில்லை என்பது பலருடைய முடிவு. இது முற்றிலும் சரியாயின், தேநீருக்கு ஒருவர் எத்தனை கரண்டி சீனி போடுகிறார் என்பதைப் போலவே இசையும் ஆகிவிடும். எனக்கு இரண்டு கரண்டி வேண்டும் என்பதற்காக, நீங்களும் இரண்டு கரண்டி போடுங்கள் என்று நான் உங்களை வற்புறுத்துவதில்லை. இசையில் மட்டும் ஏன் நமக்கு இந்தத் தவிப்பு?

புனித தோமஸ் அக்குவினாஸ், காணும்போது மகிழ்விப்பதையே அழகு என்கிறோம் என எழுதினார். நன்மை தன்னைத்தானே பரப்பும் இயல்புடையது என்ற பழைய சிந்தனையையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஜேர்மானிய தத்துவஞானி கான்ற் 1790 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை இன்னொரு வழியால் அணுகினார். ஒன்றை அழகானது என்று சொல்பவர், அது தமக்கு மட்டும் இனிக்கிறது என்று சொல்லவில்லை. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமென எதிர்பார்க்கிறார். ஆயினும் கணக்கை நிறுவிக் காட்டுவதுபோல் அதை நிறுவிக் காட்ட அவரால் இயலாது. ஆக, நெஞ்சில் உறுதி இருக்கிறது. கையில் ஆதாரம் இல்லை. இந்த நிலையில் இருப்பவருக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. “நீங்களே கேட்டுப் பாருங்கள்” என்று அழைக்கலாம். அழைப்பு என்றால் வருவதற்கும் வராமல் விடுவதற்கும் மற்றவருக்கு உரிமை உண்டு என்பது பொருள். நாம் இங்கு பேசவிருக்கும் ஒழுக்கம் இந்த உரிமையிலிருந்தே பிறக்கிறது.

வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்ப்போம்.

பாஹ் 1750 ஆம் ஆண்டில் இறந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தபோது, வியன்னா நகரில் அவருடைய இசையை நன்கறிந்தவர்கள் சிலரே. அங்கே அரச நூலகத்தின் தலைவராக இருந்தவர் வான் சுவீற்றன் என்ற பிரபு. முன்னர் பேர்லினில் தூதராகப் பணியாற்றிய காலத்தில் அவருக்குப் பாஹ், ஹண்டெல் ஆகியோரின் இசையில் பெரும் பற்று ஏற்பட்டிருந்தது. 1782 ஆம் ஆண்டில் ஞாயிறு தோறும் நண்பகலில் அவருடைய இல்லத்தில் சிலர் கூடி, அந்தப் பழைய ஆக்கங்களையே வாசித்தார்கள். அங்கு சென்றவர்களுள் ஒருவர் மொசார்ட். அப்போது அவருக்கு வயது 26. பிரபு அந்தச் சுரப்பிரதிகளை வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினார். மொசார்ட் மணமுடிக்கவிருந்த கொன்ஸ்ரான்ஸ் அவற்றைக் கேட்டார். அவற்றுள் ‘ஃபியூக்’ என்ற வடிவம் அவரை மிகவும் கவர்ந்தது. ஒரு குரல் தொடங்கும் மெட்டை மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் வடிவம் அது. நீங்களும் இதுபோல் எழுதுங்களேன் என்று அவர் மொசார்ட்டை விடாமல் கேட்டார். மொசார்ட் எழுதினார். 1788 இல் அவர் இயற்றிய கடைசிச் சிம்பனியின் இறுதிப் பகுதியில் இந்தப் பின்னல் கலையின் உச்சத்தைக் காணலாம்.

வான் சுவீற்றனும் சில சிம்பனிகளை இயற்றியவரே. அவற்றை இன்று கேட்பவர்கள் மிகக் குறைவு. தாம் நேசித்ததைப் பிறர் கையில் கொடுத்தார் என்பதற்காகவே இசை வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது நிகழ்ச்சி 1946 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடந்தது. இந்தியாவின் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்ற இசைக் கலைஞர் அங்கு சென்றார். மேலைத்தேய இசை இந்தியாவின் மரபு இசையைப் பாதித்துவிடுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. இகழ்ந்து ஒதுக்குவதற்கு முன் அதைக் கற்றறிய வேண்டுமென எண்ணினார். பரீட்சார்த்த இசையில் ஈடுபட்டிருந்த ஜோன் கேஜ் அவருக்குக் கற்பிக்க இசைந்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. பதிலுக்கு இந்திய இசையைத் தமக்குக் கற்பிக்கும்படி கேட்டார். சில மாதங்கள் இருவரும் மாறி மாறி ஆசிரியரும் மாணவருமாக இருந்தனர். இசையின் நோக்கம் யாதென உங்கள் குரு கற்பித்தார் என்று கேஜ் ஒருமுறை வினவினார். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வீகத்தை ஏற்கத் தக்கதாக அதை ஆக்குவதே என்பது கீதா அம்மையாரின் விடை. கேஜ் இதைத் தம் வாழ்நாள் முழுவதும் பலமுறை நினைவுகூர்ந்தார்.

1952 ஆம் ஆண்டில் கேஜின் புகழ்பெற்ற ஆக்கம் ஒன்று அரங்கேறியது. பியானோக் கலைஞர் 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரமும் எழுப்பாமல் அமர்ந்திருப்பார். சுற்றிலும் கேட்கும் ஓசைகளே இசை. இதைக் கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் கேஜும் கீதா அம்மையாரும் பழகிய முறையைக் கவனியுங்கள். இருவரும் மற்றவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்த கையாலேயே கேட்டும் வாங்கினார்கள். ஒருவர் மட்டும் எப்போதும் பரிந்துரைப்பவராகவும் மற்றவர் எப்போதும் கேட்பவராகவும் இருக்கும் நட்பு, காலப்போக்கில் வகுப்பறையாக மாறிவிடும்.

மூன்றாவது நிகழ்ச்சி நமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மேரி லூ வில்லியம்ஸ் 1910 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அற்லான்ரா நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. ஜாஸ் பியானோக் கலைஞர். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய இசை. நம் கர்நாடக இசையில் மனோதர்மம் என்போமே, அதுபோல அந்தந்த வேளையில் கற்பனை செய்து வாசிப்பது அதன் உயிர்நாடி. 1940 களில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் அம்மையாரின் வீடு இளம் இசைஞர் கூடும் இடமாக இருந்தது. தெலோனியஸ் மங்க், பட் பவல், டிசி கிலெஸ்பி முதலியோர் அங்கு வந்து தங்கள் புதிய ஆக்கங்களை வாசித்துக் காட்டினார்கள். அம்மையாரோ அவர்களுக்கு முந்திய பாணியில் பெயர் பெற்றவர். புதிய பாணியைப் பழித்த மூத்த கலைஞர் பலர் இருந்த காலம் அது. அவர் காதுகொடுத்துக் கேட்டார்; தம் கருத்தைச் சொன்னார்; தாமும் கற்றுக்கொண்டார். 1945 இல் பன்னிரண்டு இராசிகளின் பெயரால் ஓர் இசைத் தொகுதியை இயற்றி, சாஸ்திரீய வாத்தியக் குழுவோடு ஜாஸ் கலைஞர்களையும் சேர்த்து நியூயோர்க் ரவுன் ஹோலில் அரங்கேற்றினார்.

1954 இல் அவர் மேடையை விட்டு விலகிச் செபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் நாட்களைச் செலவிட்டார். 1957 இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். இசை தமது புதிய வாழ்வுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஜாஸ் இசையை நேசித்த குருவானவர் ஒருவரும், நண்பர் கிலெஸ்பியும், இசையே உமது செபமாகட்டும் என அவரை ஊக்கப்படுத்தினார்கள். அவ்வாண்டே மீண்டும் மேடையேறினார். பின்னர் புனித மார்ட்டின் தெ போரசைப் போற்றும் கீதத்தையும், திருப்பலிக்கான ஜாஸ் இசையையும் இயற்றினார். அத்திருப்பலி இசை 1975 இல் நியூயோர்க் புனித பத்திரிசியார் பேராலயத்தில் ஒலித்தது.

1977 ஏப்ரலில் அம்மையார் இன்னும் ஒரு துணிவான காரியம் செய்தார். தம்மைவிட ஏறத்தாழ 19 வயது இளையவரும், கட்டுகளையெல்லாம் உடைத்துப் புயல்போல் வாசிப்பவருமான சிசில் டெய்லரோடு கார்னகி மண்டபத்தில் இரு பியானோக் கச்சேரி ஒன்றை நடத்தினார். முன்முயற்சி அம்மையாருடையது. டெய்லரும் அவரை மதித்தவர். ஜாஸ் இசை கடந்துவந்த படிகள் யாவும் அந்த மேடையில் ஒலிக்க வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். டெய்லரோ தமது பாணியிலேயே வாசித்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை எனப் பல விமர்சகர்கள் எழுதினார்கள். பதிவு ‘தழுவல்’ என்ற பொருள்படும் பெயரோடு வெளிவந்தது; கேட்பவர்களுள் இன்றும் சிலர் அதைத் தழுவல் என்கிறார்கள், சிலர் மோதல் என்கிறார்கள்.

நல்ல மனமும் மதிப்பும் இருந்தும் பகிர்வு பலிக்காமற் போகலாம் என்பதற்காகவே இதை எடுத்துச் சொல்கிறேன். பலிக்கவில்லை என்பதால் அழைத்தது தவறாகிவிடாது. அழைப்பை ஏற்றவர் தம் இயல்பில் நின்றதும் குற்றமாகாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு வருவோம். முதலாவது, பரிந்துரைப்பவரைப் பற்றியது. அவருக்கு வரும் சோதனை தற்பெருமை. புனித அகுஸ்தீனார் தமது பாவசங்கீர்த்தன நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் ஈர்த்துவிடுகிறதோ எனத் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கிறார். நம்முடைய சோதனை அதிலும் ஒருபடி தாழ்ந்தது. இசையைவிட, அந்த இசையை அறிந்தவன் நான் என்ற எண்ணமே நமக்கு இனிக்கிறது. யாரும் அறியாத ஒரு கலைஞரின் பெயரைச் சொல்லி, கேட்பவர் விழிப்பதைப் பார்த்து மகிழ்கிறோம். சினிமாப் பாட்டில் மகிழ்பவரை ஏளனமாகப் பார்க்கிறோம். இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் கொடுத்ததை உங்கள் நண்பர், நீங்கள் நினையாத ஒரு காரணத்துக்காக நேசித்தால் உங்களுக்கு மகிழ்ச்சியா, எரிச்சலா? நண்பர் பதிலுக்குத் தருவதைக் கேட்க உங்களுக்கு நேரம் உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் வரும் பதில், கொடுத்தது இசையையா அல்லது உங்களையா என்பதைக் காட்டிவிடும்.

இரண்டாவது, கேட்பவரின் கடமை. உலகில் உள்ள எல்லா இசையையும் கேட்க எவராலும் முடியாது; எவருக்கும் அக்கடமை இல்லை. ஆனால் நம்மை அறிந்த ஒருவர், நம்மை நினைத்து ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தந்தால், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடன் பாராட்டு அன்று, கவனம். சமையல் செய்துகொண்டும் பேசிக்கொண்டும் அரைக்காதால் கேட்டுவிட்டு, எனக்கு இது ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. புதிய மொழி முதல் நாளில் வெறும் சத்தமாகவே கேட்கும். ஒருமுறை அமர்ந்து முழுமையாகவும், இன்னொரு நாள் மறுமுறையும் கேட்டபின் சொல்லும் “வேண்டாம்” மதிப்புள்ளது.

மூன்றாவது வினாவே கடினமானது. பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்லலாமா? பெரும்பாலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ‘நல்லாயிருக்கு’ என்ற வார்த்தை எளிதில் வந்துவிடுகிறது. உபசாரத்துக்காகச் சொல்லும் பொய், கெடுதி நினைத்துச் சொல்லும் பொய்யைவிடச் சிறியது என்று அக்குவினாஸ் வகைப்படுத்துகிறார். ஆயினும் அதுவும் பொய்யே என்கிறார். இங்கு அதனால் விளையும் நட்டத்தைக் கண்கூடாகவே காணலாம். நீங்கள் பொய்யாகப் பாராட்டினால், நண்பர் அடுத்த முறையும் அதையொத்த ஒன்றையே தருவார். உங்கள் மனம் அவருக்குத் தெரியாமலே போகும். நெருங்குவதற்காக அவர் வைத்த படியை, பாராட்டுவதுபோல் நீங்கள் அகற்றிவிடுகிறீர்கள்.

அதற்காக உண்மையைக் கல்லாக எறியவும் வேண்டாம். வயதான தாயொருவர் தமது இளமைக்காலப் பாட்டொன்றைக் கேட்கச் சொன்னால், அதன் இலக்கணத்தைப் பற்றி அவர் நம்மிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. தம் வாழ்வின் ஒரு நாளைக் காட்டுகிறார். அந்த நாளைப் பற்றி விசாரிப்பதே தகுந்த பதில். நண்பரிடம், “இந்த இடம்வரை உங்களோடு வந்தேன், இதற்குப் பிறகு வழி தெரியவில்லை. நீங்கள் இதில் எதைக் கேட்கிறீர்கள்?” என்று சொல்லலாம். இதில் பொய்யும் இல்லை, அவமதிப்பும் இல்லை. பல சமயம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையோடு திரும்பக் கேட்கும்போது, மூடியிருந்த காது திறப்பதுண்டு. திறக்காவிட்டாலும் நட்பு மிஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் இசை உங்களுக்கு இரைச்சலாகப் படலாம். பாட்டின் சொற்களில் ஆபாசமோ பகையோ இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. சொற்களின் தீமையையும் ஓசையின் புதுமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஜாஸ் இசையையும் ஒரு காலத்தில் ஒழுக்கக்கேடு என்றே பலர் பழித்தார்கள்; அதே இசை பேராலயத்தில் திருப்பலிக்கு ஒலித்தது. ஆகவே பிள்ளையிடம், “உனக்கு மிகப் பிடித்த ஒன்றைக் கொண்டு வா, நான் முழுவதும் கேட்கிறேன், பிறகு எனக்குப் பிடித்த ஒன்றை நீ முழுவதும் கேட்க வேண்டும்” என்று ஒப்பந்தம் செய்து பாருங்கள். முடிவில் இருவர் இரசனையும் மாறாமலே இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் எதில் மகிழ்கிறார் என்பதை மற்றவர் அறியாமல் வாழும் குறை அன்றைக்காவது நீங்கும்.