வந்தேறி மரமும் மண்ணின் அணிலும்

போன அக்டோபரில் கீல்டர் காட்டுக்குப் போயிருந்தோம். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய காடு. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் செவ்வணில்களில் பெரும்பங்கு இங்கேதான். கூட வந்த ஆங்கிலேய நண்பர் கூண்டு வைத்துச் சாம்பல் அணில்களைப் பிடித்துக் கொல்லும் தன்னார்வலர். "அதெல்லாம் இந்த மண்ணைச் சேர்ந்தது இல்லை" என்றார் சாதாரணமாக. ஆறு வருஷமாக இங்கே வாடகை வீட்டில் இருக்கும் எனக்குச் சுருக்கென்றது. வந்தேறி என்ற சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் காது கண்டுபிடித்துவிடுகிறது.

அவர் சொன்னதில் தப்பில்லை. சாம்பல் அணில் வட அமெரிக்காவுடையது. 1876இல் செஷயரில் ஒரு பண்ணை மாளிகையில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அது சுமக்கும் அம்மை வைரஸ் அதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தொற்றிய செவ்வணில் அனேகமாக இரண்டு வாரத்துக்குள் செத்துப்போகிறது. ஓக் கொட்டையையும் சாம்பல் அணில்தான் நன்றாகச் செரிக்கும். அதனால் செவ்வணில் காடுகளில் ஓக், பீச் போன்ற பெரிய விதை மரங்களை நடுவதைத் தவிர்க்கிறார்கள். ஸ்ப்ரூஸ், பைன் மரங்களையும் மொத்தமாகச் சாய்க்காமல், காய்க்கும் வயதில் எப்போதும் சில நிற்கும்படி பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கீல்டரில் அதிகம் நிற்பது சிட்கா ஸ்ப்ரூஸ். அதுவும் வட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். முதல் உலகப்போர் உண்டாக்கிய மரப் பஞ்சத்தால் 1926 முதல் நட்ட காடு இது. மண்ணின் அணிலைக் காப்பாற்ற மண்ணின் ஓக்கை விலக்கி, வந்தேறி மரத்தை வளர்க்கிறோம். ஸ்காட்லாந்திலோ, 1903இல் ஆரம்பித்த ஒரு சங்கம் மரங்களைக் கெடுக்கிறது என்று சொல்லி, வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துச் செவ்வணில்களையே கொன்றது. அப்போதும் அது மண்ணின் அணில்தானே?

ஆக, 'மண்ணுக்குரியது' என்பது காரணமாக முடியாது. பிறகு எதற்குக் கொல்வது? ஆங்கிள்சி தீவில் 1998இல் தொடங்கிய வேலை 2013க்குள் சாம்பல் அணில்களை இல்லாமல் ஆக்கியது. செவ்வணில்கள் திரும்பிப் பெருகின. கூண்டை எடுத்துவிட்டால் என் கை சுத்தம்தான். ஆனால் கண் இமை புண்ணாகிச் சாகும் செவ்வணிலுக்கும் நானே பொறுப்பு. கொண்டுவந்து விட்டது மனிதர்கள். அந்தக் கடனைச் சாம்பல் அணில் தன் உயிரால் கட்டுகிறது. அது எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதை மறக்காமல் கொல்வதுதான் கஷ்டம். வந்தேறி என்ற சொல் அந்தக் கஷ்டத்தை லேசாக்கிவிடுகிறது. எனக்கு அதுதான் பயம்.

திரும்பும் வழியில் நண்பர், கூண்டுகளைப் பார்க்க ஆள் போதவில்லை, வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: கூண்டைத் திறக்கும்போது அந்தச் சொல்லை அவர் சொல்லக் கூடாது.