இரவல் மெட்டும் இதயத்தின் புகழும்

பிறர் வகுத்த மெட்டில் ஒருவன் பாடும் புகழ், அவனுடைய புகழாகுமா? சேலம், நாமக்கல் பகுதிகளில் நம்மவர் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. மவ்லிது மஜ்லிஸில் முதியோர் பழைய பைத்தின் இராகத்தை எடுத்தால், இளைஞர் அதனை வெறும் வழக்கமென ஒதுக்குகின்றனர். திருமண வீட்டில் அவ்விளைஞரே திரைப்பட மெட்டில் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடினால், முதியோர் முகஞ்சுளிக்கின்றனர். இரு சாராரும் ஒருவரையொருவர் இரவல் வாங்கியவரென்றே பழிக்கின்றனர். இதனால் பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்களும் உள. ஆதலின், இதனைச் சினமின்றி ஆராய்தல் வேண்டும்.

கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாற்றை அறியாதார் நம்மில் குறைவு. இஸ்லாத்தை எதிர்த்துக் கவி பாடியதால் அவருடைய உயிருக்கே பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. அந்நிலையில் மதீனா வந்து, அண்ணலாரின் திருமுன் நின்று அவர் பாடிய கஸீதா எவ்வாறு தொடங்குகின்றது? ஸுஆது என்னும் காதலி பிரிந்து சென்ற துயரத்தோடு! அடுத்து ஒட்டகத்தின் வருணனை. அதன் பின்னரே மன்னிப்பை வேண்டுதல். இவ்வரிசை அவர் கண்டதன்று. அறியாமைக் காலத்துப் புலவரெல்லாம் நடந்து தேய்ந்த பாதை. ‘பஸீத்’ என்னும் யாப்பும் அவருக்கு முன்னரே இருந்ததுதான். எனினும், உயிருக்கு அஞ்சி நின்ற அம்மனிதரின் நடுக்கத்தை இரவல் என்று கூற எவர் துணிவார்? அண்ணலார் அதனைச் செவிமடுத்துத் தம் போர்வையை அவருக்கு ஈந்தார்கள்.

ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது அவர்கள் அரபு யாப்புகளைப் பதினைந்தாக வகுத்தார். பின்வந்த அக்பஷ் ஒன்றைச் சேர்த்தார். கலீல் அவற்றைப் படைக்கவில்லை. மக்களின் நாவில் இருந்தவற்றை எண்ணினார், அவ்வளவே. மதரஸாவில் ஸர்பு ஓதிய எவருக்கும் இது வியப்பாகாது. ‘பஅல’ என்னும் ஒரே வார்ப்பில்தானே ஆயிரமாயிரம் சொற்களைச் சிறுவர் வார்த்தெடுக்கின்றனர்!

ஐரோப்பிய இசையிலும் இக்கதையே. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அநாதைச் சிறுவரைப் புரக்க எழுந்த நான்கு இல்லங்கள், நாளடைவில் பெரும் இசைப்பள்ளிகளாயின. ஆசிரியர் கீழ்க்குரலின் சுர வரிசையை மட்டும் எழுதித் தருவார். அதற்குப் பொருந்தும் மேற்குரல்களை மாணவனே உடனுக்குடன் இசைக்க வேண்டும். எந்த வரிசைக்கு எந்த இன்னிசை பொருந்தும் என்ற வார்ப்புகள் பழகப் பழக விரல்களில் ஊறிவிடும். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரீப்பெல் என்ற ஜெர்மானியர் அவற்றுள் சிலவற்றிற்கு இத்தாலிய மொழியில் பெயரிட்டார். படிப்படியாக ஏறுவது மலை, இறங்குவது ஊற்று, ஒரு சுரத்தைச் சார்ந்தே நிற்பது பாலம். மோஸார்ட்டும் இவ்வார்ப்புகளைக் கையாண்டவரே. அவரைத் திருடர் என்பாரில்லை.

காயல்பட்டினத்துக் காசிம் புலவர் செய்ததோ இன்னும் துணிவானது. அருணகிரிநாதர் முருகனைப் பாடிய திருப்புகழின் சந்தங்களை ஏற்று, அவர் அண்ணலார் மீது திருப்புகழ் பாடினார். கேட்டோருக்கு முருகன் நினைவு வந்திராதா? வந்திருக்கும். ஆயினும் அது பணிவின் நினைவு. செவி முன்னரே தலைதாழ்த்தப் பழகியிருந்தது.

திரைப்பட மெட்டைப் பற்றிய என் தயக்கம் இவ்விடத்தில்தான். நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற வண்ணப்படத்தை வெளியிட்டது. அதன் புகழ்பெற்ற காதற்பாட்டின் மெட்டு, 1954-இல் வந்த இந்தி அலிபாபாவிலிருந்து பெறப்பட்டது. காதற்பாட்டு காதற்பாட்டாகவே இருந்ததால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் அத்தகைய மெட்டில் ஸலவாத்தைப் புகுத்தினால், வாய் ஒன்றைக் கூற நெஞ்சம் திரையில் கண்ட நடிகையைத் தேடும். வார்ப்பு வேறு, மெட்டு வேறு என்பதை நாம் மறத்தல் ஆகாது. வார்ப்புக்கு முகமில்லை, பலரறிந்த மெட்டுக்கு முகம் உண்டு. கூடும், கூடாது எனத் தீர்ப்பு வழங்க நான் புகவில்லை. மெட்டைத் தெரிவு செய்யுமுன், கேட்போரின் மனம் எங்கே செல்லும் என்று இளைஞர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

முதியோருக்கும் ஒரு சொல் உண்டு. தொன்மையான இராகமென்ற பெருமையோடு பைத்தை முழக்கிக்கொண்டு, நேர்ச்சைச் சோறு எப்பொழுது வரும் என்று அடுக்களையை நோக்குவதும் இரவற் புகழே. பொருளறியாது ஓதும் பிள்ளைக்கு இரண்டு அடிகளின் கருத்தையேனும் தமிழில் எடுத்துரைத்தால், பழைய மெட்டை அவன் ஒதுக்கமாட்டான்.

கஅபு (ரலி) அவர்களுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் எகிப்தில் வாழ்ந்த பூஸீரி இமாம், பக்கவாதத்தில் கிடந்தபொழுது புர்தாவை இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. நம் வீடுகளில் இன்றும் ஓதப்பெறும் அக்கஸீதாவும் பஸீத் யாப்பிலேயே அமைந்தது. அதுவும் அன்புக்குரியோரைப் பிரிந்த கண்ணீரோடுதான் தொடங்குகின்றது.