உழைப்பாளி என்னும் புகழ்ச்சி

முதியவர் ஒருவர் மறைந்த வீட்டில், துக்கம் விசாரிக்க வருவோரிடமிருந்து இரண்டு சொற்கள் தவறாமல் எழும். ‘ஓயாத உழைப்பாளி’ என்பது ஒன்று. ‘இல்லையென்று சொல்லி அறியாதவர்’ என்பது மற்றொன்று. மகன் தலைகுனிந்து கேட்டிருப்பான். பேரன் திண்ணையோரம் நின்று கேட்டிருப்பான். சில இல்லங்களிலோ, பதினாறு நாள் கழிவதற்குள் மூன்றாவது சொல் ஒன்றும் தாழ்ந்த குரலில் பிறந்துவிடும்: ‘ஊருக்கெல்லாம் கொடுத்தார், நமக்கு என்ன வைத்தார்?’ இதனை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. ஆயினும் கேட்கத் தகாத கேள்வி அன்று இது. தந்தை கொடுத்தது, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பங்கிலிருந்துதானே எடுக்கப்பட்டது?

திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகருக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்து, 1941 ஜூன் 18-ஆம் நாள் மறைந்த அய்யன்காளியின் குடும்பத்தை நினைத்தால் போதும். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது 1855-இல். அதற்கு எட்டாண்டு கழித்துப் புலையர் குடியில் பிறந்தவர் அவர். தந்தையார் அய்யன், நிலக்கிழார் ஒருவருக்காகக் காடு திருத்தி, அதற்கு ஈடாகச் சில ஏக்கர் நிலம் பெற்றார். அக்காலத்தில் அக்குலத்தாருக்குச் சொந்த நிலம் என்பது அரிதினும் அரிது. மகன் அந்நிலத்தை மேலும் பெருக்கிக்கொண்டு அடங்கி வாழ்ந்திருக்கலாம். அவரோ 1893-இல் வில்வண்டியும் இரண்டு வெள்ளைக் காளைகளும் வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, தம்மவர் நடக்கவும் கூடாதென்று விலக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். காடு வெட்டிய தந்தையின் வியர்வை அவ்வண்டியில் செலவாயிற்று.

உழைப்பாளி என்னும் புகழ்ச்சியை இவ்விடத்தில் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக உழும் மாட்டையும் அதன் உடையவன் புகழவே செய்கிறான். நம் பாட்டன்மாரை உழைப்பாளிகள் என்று முதலில் போற்றியவர்கள் அவர்களது உழைப்பை உண்டவர்களே அன்றோ? அப்புகழ்ச்சியை நாமும் அப்படியே எடுத்துச் சொன்னால், நாம் நினைவுகூர்வது நம் தந்தையையா, அல்லது அவருடைய எசமானுக்குக் கிடைத்த இலாபத்தையா? அய்யன்காளி 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டார். அதனையொட்டிய ஆண்டுகளில், தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவர்களின் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை நிறுத்தி வைத்தார். கூலி இன்றிப் பட்டினி வந்தது. விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்கள் தம் தொழிலில் சேர்த்துக்கொண்டு தாங்கினர் என்பர். தலைமுறை தலைமுறையாய் உழைத்த கைகள் ஒரு காரணத்துக்காக உழைக்க மறுத்தன. அம்மறுப்பையும் உழைப்பின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கொடைக்கு வருவோம். அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி, ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் பிறர் பிள்ளைகளின் படிப்பையும் நிலமற்றோர்க்கு நிலத்தையுமே கேட்டுக்கொண்டிருந்தார். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் சமுதாயத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டு இறக்க வேண்டும் என்பதே அம்முதியவர் வெளியிட்ட ஆசை.

இதனால் அவர் வீட்டார்க்கு ஒன்றும் குறையவில்லை என்று சொல்லி மழுப்ப வேண்டுவதில்லை. சாலையிலும் சபையிலும் கழிந்த நாள்கள் வீட்டுக்கு இல்லாத நாள்களே. பொதுப்பணியில் இறங்கிய எவருடைய மனைவி மக்களைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நியாயமே. ஆயினும், சிகாலோவாத சூத்திரம் பிள்ளைகளின் கடமைகளை எண்ணும்போது, பெற்ற உரிமைக்குத் தகுதியுடையவராய் நடத்தலை ஒன்றாகவும், மறைந்தோர் பொருட்டுத் தானம் செய்தலை மற்றொன்றாகவும் வைத்திருக்கிறது. எவ்வளவு பெற்றோம் என்பது அங்கே பேசப்படவில்லை. பெற்றதற்கு நாம் தகுமா என்பதே கேள்வி. நிலம் ஏழு பிள்ளைகளிடையே பிரிந்தால் ஏழாகச் சுருங்கும். திறந்த பள்ளிக்கதவு எத்தனை பிள்ளைகள் நுழைந்தாலும் சுருங்குவதில்லை. அந்தப் பங்கில் அவருடைய பேரருக்கும் இடமுண்டு, நமக்கும் உண்டு.

நினைவுகூர்தல் எவ்வாறு என்பதற்கு நம் பண்டிதர் அயோத்திதாசரே சான்று. ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரும்படி கொடுத்தார் என்று அவர் எழுதிவைத்தார். நல்லவர், வல்லவர் என்று பொதுப்படப் புகழாமல், இன்னதை இன்னாரிடம் கொடுத்தார் என்று பேரன் பதிந்தார். ஒரு பட்லரின் கொடையை வேறு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அதைப் பொறாதார் பள்ளிக்கே தீ வைத்தனர். 2022-இல் அப்பள்ளிக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டது. அன்று பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அங்கே பாதுகாத்து வருகிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாக, பள்ளி நடக்கும் நாளிலேயே அனுமதி பெற்று அழைத்துச் சென்று காட்டுங்கள். மணி அடிக்கும்போது அங்கே இருப்பது நல்லது.