மலை என்னும் சொல்லும் மண்ணின் உரிமையும்

நிலவுரு ஒன்றுக்குப் பெயரிடுவோன் அதனை எதுவாகக் காண்கின்றானோ, அப்பார்வையே பெயரில் நிலைபெறுகின்றது. ஐஸ்லாந்தின் ஸ்க்யால்ட்பிரெய்துர் என்னும் எரிமலைப் பெயருக்கு 'அகன்ற கேடயம்' என்பது பொருள். சரிவு குறைந்து பரந்து கிடக்கும் எரிமலைகளைப் புவியியலார் கேடய எரிமலை எனலும் அவ்வுவமையே. தொன்மையான உருமாறிய பாறைகளாலான இலங்கை மலைநாட்டில் எரிமலை இல்லை. ஆயினும் நிலவுருச் சொல்லொன்றுக்கு வரலாறு உண்டு. அது வடிவத்தினின்றும் அன்றி உழைப்பினின்றும் எழுந்தது.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் 'மலை' என்பது தேயிலை பயிராகும் வேலைத்தலம். கொழுந்து பறிக்கச் செல்லுதல் 'மலைக்குப் போதல்'. வரைபடத்தில் எண்ணிடப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் 'ஐந்தாம் நம்பர் மலை', 'எட்டாம் நம்பர் மலை' என வழங்கும். 2243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை எதிரே நிற்பினும், காலையில் கூடை சுமந்து ஏறும் பெண்ணுக்கு மலையாவது அன்று நிரை பிடிக்கும் சரிவே. மலைத்தல் என்னும் வினை திகைத்தலையும் பொருதலையும் குறித்தலின், பெயரையும் வினையையும் ஒருவேரினவாக்க மனம் விழையும். ஓசையொப்புமை மட்டும் சான்றாகாது. தினையும் தெய்வமும் உடைய குறிஞ்சி மலை வெறும் எண்ணாகச் சுருங்கிற்றே என வருந்துவாரும் உளர். அவ்வருத்தம் பொருந்தாது. நிருவாகம் இட்டது எண் மட்டுமே. அவ்வெண்ணை மலையாக்கியவர் தொழிலாளர்.

அங்ஙனமாயின், பெயரிட்டு வழங்குதல் உரிமை தருமா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மூதாதையர் இங்குப் பிறந்தமைக்குச் சான்று வேண்டியது; சொல் சான்றாக ஏற்கப்படவில்லை. மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்குப் பரிகாரம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது.

இதற்கொரு தடையுண்டு. நெடுநாள் வழக்கே உரிமையாயின், அதற்கு முன்னைய வழக்குக்கு உரிமை மிகுமன்றோ? நுவரெலியாவின் 'எலிய' காட்டிடை வெட்டவெளியையும், 'பத்தன' மலைப்புல்வெளியையும் குறிக்கும் சிங்களச் சொற்கள். அவற்றை வழங்கிய கிராமத்தாரின் காடும் புல்வெளியும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் முடிக்குரியனவாக்கப்பட்டன. தடை வலியதே. ஆயின் பறித்தவன் வேறு, பறிக்கப்பட்ட நிலத்துக்குக் கொணரப்பட்டவன் வேறு. துரைமார் தம் தாயகத்துப் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டினர். தொழிலாளரோ கிராமத்தாரின் சொல்லையும் கைவிட்டாரல்லர்: கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட ஊர் அவர்தம் நாவில் இன்றும் பத்தனையே.