நாற்பத்தொன்பதாவது நாள்

கிளினிக்கில் மிஸ்ஸி என் பச்சைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, பூசம் முடிஞ்சு வந்தப்போ 7.8. இப்ப மறுபடியும் 9.1. முருகனுக்குன்னா வாயக் கட்டுவ, எங்களுக்குன்னா மாட்டியா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்று நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் மோட்டாரில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அவர் சொன்னது எச்பிஏ1சி கணக்கு. நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, போன இரண்டு மூன்று மாதம் நாம் எப்படி இருந்தோம் என்று சொல்லிவிடுவார்கள். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

பத்துமலைக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதம் இருந்தேன். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொண்டேன். (மருந்து எடுப்பவர்கள் இதைச் செய்யாமல் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பது பக்தியே இல்லை, ஆபத்து.) சைவம் சாப்பிட்டதால் மட்டும் சர்க்கரை குறைந்துவிடவில்லை. மலை போல் குவித்த வெள்ளைச் சோறும் பாயசமும்கூட சைவம்தானே? மாமாக் கடை இல்லை, நடுராத்திரிச் சாப்பாடு இல்லை, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே இல்லை. அதுதான் குறைத்தது. 272 படியும் ஏறி இறங்கினேன். 49-ஆவது நாள் ராத்திரி, நண்பர்களோடு ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே.

ஏன்?

பயம் இல்லை என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு இந்த நோயால் இரண்டு கால்விரல்கள் போயின. எனக்கு 26 வயதில் உறுதியானபோது அந்தக் காலைப் பார்த்துப் பார்த்தே வாயைக் கட்டினேன். இரண்டு மாதம் தாங்கியது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. அதிலும் இந்தியர்கள்தான் முன்னணி. ஆனால் புள்ளிவிவரம் படித்துப் பசி அடங்கியவரை நான் பார்த்ததில்லை. உடம்பும் கோயில்தான் என்று திருமூலரைத் துணைக்கு அழைத்து, தேவார வகுப்புப் போட்டியில் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். பரிசோடு கொடுத்த ரெண்டு லட்டையும் நானே தின்றேன்.

அப்படியென்றால் நான் முருகனுக்காக விரதம் இருந்தேனா, பார்ப்பவர்களுக்காகவா? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த 48 நாளும் அம்மா தனியாகச் சமைத்தார். வேலையிடத்தில் என் பக்கம் வந்த தட்டை அவர்களே நகர்த்தி வைத்தார்கள். "புள்ள விரதம், அவன்கிட்ட நீட்டாதீங்க" என்று பெரியம்மா காவல் நின்றார். அதே பெரியம்மா தீபாவளிக்கு, "ஒரு அதிரசம்தானடா, ஒன்னும் ஆகாது" என்று வாயில் ஊட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? விரதத்தை ஊருக்கே சொன்ன நான், நோயை மறைத்து வைத்திருந்தேன். இந்த வயதில் சர்க்கரையா என்று கேட்பார்கள், பெண் தர யோசிப்பார்கள் என்ற வெட்கம். நாலு பேர் தாங்கிப் பிடித்ததை என் மனஉறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரதம் எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. விரதத்தில் ஒருமுறை தவறினால் எல்லாம் போச்சு என்று வளர்ந்தவன் நான். அதனால் அந்த ஓர் அதிரசத்துக்குப் பிறகு, 'இனி என்ன' என்று தட்டையே காலி செய்தேன். மறுநாளும் அப்படியே. இந்த நோய்க்கோ 48-ஆவது நாள் என்று ஒன்று கிடையாது. இதைத் திருவிழாவாக நினைத்ததுதான் தப்பு என்று இப்போது படுகிறது. இது நித்திய பூஜை மாதிரி. நேற்று ஒரு கால பூஜை தவறிப்போனது என்பதற்காக யாரும் கோயிலைப் பூட்டிவிடுவதில்லை. இன்றைக்கு விளக்கேற்றுகிறார்கள். மதியம் தவறினாலும் ராத்திரிச் சாப்பாடு என் கையில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால், கண்ணில் ஒற்றி ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். முதலில் பாவம் செய்வதுபோல் இருந்தது. பிரசாதம் என்றால் கிண்ணம் நிறையத்தான் சாப்பிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையே!

போன வாரம் பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இத முன்னயே சொல்லக்கூடாதா? உங்க பெரியப்பாவுக்கும் இருக்குடா. வெளிய சொல்லாதன்னுட்டார்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. கிளினிக்கில் சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரு' கணக்குத்தான்: தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ. சோற்றை மட்டும் குறைக்க மாட்டேன் என்று பெரியப்பா இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.