பாட்டுக்கு உரியவர் யார்?

பழையது என்ற ஒரு காரணம் பற்றியே ஒன்றைப் போற்றுவோரையும், புதியது என்ற ஒரு காரணம் பற்றியே ஒன்றைத் தழுவுவோரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். இருசாராரும் கேளாது விடும் கேள்விகள் இரண்டு உண்டு. பழையது என்று காட்டப்படுவது உண்மையில் எத்துணைப் பழையது? அதை இதுகாறும் சுமந்து வந்தவர் யாவர்? இவற்றைச் சீக்கியர்தம் கீர்த்தன இசையை முன்னிட்டு ஆராய்வது பயனுடைத்தென்று கருதுகிறோம்.

சீக்கியரை நம் பாட்டன்மார் 'வங்காளி' என்று பிழைபட அழைத்து வந்தனர். கல்கத்தாவில் கப்பலேறி வந்தமையால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது போலும். அவர்கள் பஞ்சாபியர். குருத்துவாராவின் பொதுப்பந்தியில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்ட தமிழர் இந்நாட்டில் மிகப் பலர். உண்ட சுவையை அறிவோமேயன்றி, அங்கே பாடப்பெற்ற பாட்டின் வரலாற்றை அறியோம்.

குரு நானக் (1469-1539) ஊர் ஊராகச் சென்று பாடியபோது அவருடன் நடந்தவர் மர்தானா என்பவர். இவர் பிறப்பால் முஸ்லிம். நம் பழந்தமிழகத்துப் பாணரைப் போலப் பாட்டையே பிழைப்பாகக் கொண்ட மிராசி வகுப்பினர். அவர் கையில் இருந்தது ரபாப் என்னும் நரம்புக் கருவி. ஆகவே இவ்விசையின் முதல் நாளிலேயே பாடியவர் ஒரு குலம், மீட்டியவர் வேறு குலம், வேறு மதம்.

1604ஆம் ஆண்டில் ஐந்தாம் குரு அர்ஜன் பாடல்களையெல்லாம் ஒரு நூலாகத் தொகுப்பித்தார். அதன் பெரும்பகுதி பொருளால் அன்று, இராகத்தால் வகுக்கப்பட்டது. இன்றுள்ள அச்சுப்படி 1430 பக்கங்கள் கொண்டது, இராகங்கள் 31. நம் தேவாரம் பண்முறையில் அடைவு பெற்றதை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது. பாடலில் எவ்வடி பல்லவியாக நின்று மீள வேண்டும் என்பதற்கும் 'ரஹாவு' என்ற குறி அந்நூலிலேயே உண்டு. நெசவாளர் கபீர், தோல்தொழிலாளர் ரவிதாஸ், தையற்காரர் நாமதேவ், முஸ்லிம் ஞானி ஷேக் பரீத் ஆகியோர் பாடல்களும் குருமார் பாடல்களோடு ஒரே ஏட்டில் ஏறின. சாதி வேற்றுமையைக் கடிந்து பேசுவது எளிது. இழிந்தோர் என ஊர் தள்ளியவரின் வாக்கை வழிபாட்டு நூலிலேயே வைப்பது வேறு காரியம்.

அர்ஜன் காலத்துச் செய்தி ஒன்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சத்தா, பல்வந்த் என்னும் இரண்டு ரபாபியர் அவர் அவையில் பாடி வந்தனர். வீட்டில் ஒரு திருமணம், பொருள் வேண்டினர், கிடைத்தது போதவில்லை. தாங்கள் பாடாவிட்டால் சபைக்குக் கூட்டமேது என்று சினந்து வெளியேறினர். குரு தாமே சரந்தா என்னும் கருவியை ஏந்திப் பாடலானார். நீங்களும் பாடுங்கள் என்று அடியாரையும் ஏவினார். பாடுவது ஒரு குலத்தின் தொழிலாக இருந்த நிலை அன்று மாறிற்று என்பர். கூலி மிகுதியாகக் கேட்டது குற்றமென்று நாம் கருதவில்லை. தோட்டத்தில் பிரட்டுக்கு நின்ற நம்மவர்க்கு அதன் நியாயம் விளங்கும். நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டுவது கதையின் பிற்பகுதியை. அவ்விருவரும் திரும்பி வந்தனர், ஏற்றுக்கொள்ளப்பட்டனர், அவர்கள் பாட்டும் நூலில் இடம்பெற்றது. பாட்டு எல்லார்க்கும் பொதுவாயிற்று. பழைய பாடகர்க்கும் கதவு அடைபடவில்லை.

நிற்க. ஹார்மோனியத்துக்கு வருவோம். ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவியைக் கல்கத்தாவில் தரையில் அமர்ந்து வாசிக்கும்படி சிறிதாக்கி, ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்குமாறு அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அமிர்தசரஸ் பொற்கோயிலினுள் புகுந்துவிட்டது. அதன் குறை இசையறிந்தார் யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுரம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. இராகத்துக்கு உயிராகிய நுண்ணசைவு அதற்கு எட்டாது. இதனாலேயே அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி, 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது.

ஆயின் அது செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ரபாபும் தாவுஸும் கைவர ஆண்டுகள் பல வேண்டும், ஆசான் வேண்டும், ஓய்வு வேண்டும். ஹார்மோனியத்தைச் சில திங்களில் ஒரு சிறுமி கற்றுக்கொள்வாள். சுருதி கலையாது, கப்பற்பயணத்தையும் தாங்கும். கடல்கடந்து வந்த காவற்காரரும் வண்டியோட்டியும் பால்காரரும் நாளெல்லாம் உழைத்த பின் ஒன்றுகூடிப் பாட இதனினும் உதவியது எது? மெட்டுகள் எளிமையாயின, பின்னர்ச் சினிமா மெட்டும் நுழைந்தது. இவையும் அக்கருவியோடு சேர்ந்து வந்தனவே.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் சீக்கியரின் தலைமைப் பீடமாகிய அகால் தக்தின் ஜத்தேதார், மூன்றாண்டுகளுக்குள் பொற்கோயிலிலிருந்து ஹார்மோனியத்தை விலக்கி நரம்புக் கருவிகளை மீட்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். ஒருசாரார், குருமார் கையாளாத வெள்ளையர் கருவி ஒழிக என்றனர். மறுசாரார், எம் பாட்டனும் தந்தையும் இதை வைத்துத்தானே பாடினர், எமக்கு இதுவே மரபு என்றனர். இரண்டும் மரபின் பேரால் எழுந்த வாதங்களே!

எம் கருத்து நரம்பின் பக்கம். காரணம் அதன் வயது அன்று. இன்ன பாட்டு இன்ன இராகத்தில் என்று நூலே விதித்திருக்க, அவ்விராகத்தை முழுதும் ஒலிக்கவல்ல கருவியைக் கைவிடுவது பாட்டில் ஒரு பாதியைக் கைவிடுவதாகும். பதினோரு தலைமுறையாகப் பாடிவரும் குடும்பத்தினராகிய பாய் அவதார் சிங், பாய் குருசரண் சிங் என்னும் உடன்பிறந்தார், தம் முன்னோர் வழிவந்த மெட்டுகளைச் சுரப்படுத்திக் கொடுக்க, பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1979இல் நூலாக வெளியிட்டது. 1991இல் லூதியானாவை அடுத்த ஜவத்தியில் இராகமுறைக் கீர்த்தனத்துக்கென்றே ஒரு மாநாடு கூடிற்று. இம்முயற்சிகள் இல்லையேல் 2022இன் கட்டளையை நிறைவேற்ற ஆளே இருந்திருக்கமாட்டார்.

ஆனால் இங்கே நம் நெஞ்சை உறுத்துவது கருவியன்று. மர்தானாவின் வழியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட முஸ்லிம் ரபாபியர் 1947வரை பொற்கோயிலிலே பாடி வந்தனர். அவருள் பாய் லால் போன்றோர் பெரும்புகழ் பெற்றிருந்தனர். நாடு பிளந்தது. அவர்கள் லாகூருக்கும் பிற ஊர்களுக்கும் ஓடினர். அங்கே கேட்பாரில்லை; குருத்துவாராக்கள் பூட்டிக் கிடந்தன; தலைமுறை தலைமுறையாக வந்த மெட்டுகளோடு பிழைப்பும் போயிற்று. இப்பால், 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க விதி, சபையில் கீர்த்தனம் பாடுவோர் சீக்கியராகவே இருத்தல் வேண்டும் என்கிறது.

அவ்விதி பிறந்த சூழலை நாம் அறியாமலில்லை. கோயில்களைத் தம் சொத்தாகக் கொண்டிருந்த மகந்துகளிடமிருந்து அவற்றை மீட்கச் சீக்கியர் உயிர்கொடுத்துப் போராடி, 1925இல் குருத்துவாராச் சட்டத்தைப் பெற்றனர். கூலிக்குப் பூசை செய்வாரை ஒழித்தல் சீர்திருத்தமே. எனினும் கோயிலைக் கொள்ளையிட்ட மகந்தையும், பாட்டைக் காத்த பாணனையும் ஒரே வேலிக்கு வெளியே நிறுத்துவது எவ்வகை நியாயம்? வேலிக்கு வெளியே வேறு சிலரும் நிற்கின்றனர். ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்கும் சமயத்தில், பொற்கோயிலின் உள்ளே பெண்கள் கீர்த்தனம் பாட இடந்தர வேண்டும் என்று 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டசபை தீர்மானம் இயற்ற வேண்டியிருந்தது. ஊர்க் குருத்துவாராக்களிலெல்லாம் அவர்கள் பாடித்தான் வருகின்றனர்.

ரபாபை மீட்போம் என்று எழுந்த குரலில், ரபாபியரை மீட்போம் என்ற சொல்லை நாம் கேட்டிலோம். சத்தாவும் பல்வந்தும் பாடிய பாட்டு ராம்கலி இராகத்தில் இன்றும் அந்நூலில் உள்ளது. அமிர்தசரஸில் அதை எந்தச் சீக்கியரும் எடுத்துப் பாடலாம். லாகூரில் இருக்கும் ரபாபியர் பேரன் அதைப் பாட வந்தால், முதலில் அவன் மதத்தைக் கேட்பார்கள்.